வெள்ளையை அழிப்பது வேறு, பிரிப்பது வேறு: கணினி கேள்வி–பதில்

படத்தின் வெள்ளைப் பகுதியை ஒளிபுகும்படி ஆக்குவது எப்படி என்ற கேள்வி, இந்த முறை கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் பல கடிதங்களில் வந்திருக்கிறது. கேள்வி ஒன்றுபோலத் தோன்றினாலும், கையில் இருக்கும் படம் எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்து விடை முற்றிலும் மாறிவிடும் என்பதால், சில கடிதங்களைத் தனித்தனியே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: வணக்கம் ஐயா. திருப்பாதிரிப்புலியூரில் அழைப்பிதழ் வடிவமைக்கும் கடையில் வேலை பார்க்கிறேன். வாடிக்கையாளர் ஒருவர், தம் தந்தை கறுப்பு மையால் வரைந்த பிள்ளையார் கோட்டோவியத்தைக் கொடுத்து, மகளின் திருமண அழைப்பிதழில் அரக்குச் சிவப்புப் பின்னணியின் மேல் அதை வைக்கச் சொன்னார். ஸ்கேன் செய்து, ஃபோட்டோஷாப்பில் நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் மேஜிக் வாண்ட் கருவி கொண்டு வெள்ளையைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். கோடுகளைச் சுற்றி வெளிறிய விளிம்பு ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கிறது. எவ்வளவு நெருங்கிய நிறம் வரை தேர்வாக வேண்டும் என்று சொல்லும் டாலரன்ஸைக் கூட்டினால் மெல்லிய கோடுகள் அறுந்துவிடுகின்றன. என்ன செய்வது?

பதில்: நீங்கள் கையாண்ட கருவி இந்தப் படத்துக்கு உரியது அன்று; இதை முதலில் தெளிவாக்கிக்கொண்டால் மற்றவை எளிதாகிவிடும்.

கோட்டோவியத்தில் கறுப்பும் வெள்ளையும் மட்டுமே இருப்பதாகத்தான் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு கோட்டின் ஓரத்தை 800 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் போகும் வழியில் இரண்டு மூன்று சாம்பல் பிக்சல்கள் (படத்தை ஆக்கும் நுண்புள்ளிகள்) படிப்படியாக வெளுத்துக்கொண்டே போவது தெரியும். அவற்றுள் ஒன்றின் மதிப்பு 153 என்று வைத்துக்கொள்வோம். முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 255 என்பதால், அந்தப் பிக்சலில் 60 சதவீதம் தாளும் 40 சதவீதம் மையும் இருக்கின்றன என்று பொருள். டம்ளரில் பாலும் டிகாஷனும் கலந்திருப்பதைப் போன்றதுதான் இது. காப்பியிலிருந்து பாலைத் திரும்ப எடுக்க முடியாது, ஆனால் இங்கே கணக்குப் போட்டுத் தாளின் வெள்ளையை மட்டும் வெளியே எடுத்துவிடலாம்.

மேஜிக் வாண்ட் அந்தக் கணக்கைப் போடுவதில்லை. அதன் டாலரன்ஸ் வழக்கமாக 32-இல் இருக்கும். வெள்ளையின்மேல் சொடுக்கினால் வெள்ளைக்கு அந்த அளவு நெருக்கமான பிக்சல்களை மட்டும் எடுத்துக்கொண்டு, 153 போன்றவற்றை அப்படியே விட்டுவிடும். அந்தச் சாம்பல் பிக்சல் தனக்குள் இருக்கும் 60 சதவீத வெள்ளையையும் சுமந்துகொண்டு சிவப்பின்மேல் போய் உட்காருவதைத்தான் நீங்கள் வெளிறிய விளிம்பாகப் பார்க்கிறீர்கள். டாலரன்ஸைக் கூட்டினால் அந்தப் பிக்சல்கள் மையோடு சேர்ந்தே போய்விடுகின்றன. மெல்லிய கோடுகளில் பெரும்பகுதி இத்தகைய சாம்பல் பிக்சல்களால் ஆனது என்பதால், அவை அறுந்துதான் போகும். ஆகவே இந்த வேலையில் வெள்ளையை அழிக்கக் கூடாது. ஒவ்வொரு பிக்சலிலிருந்தும் அதைப் பிரித்தெடுக்க வேண்டும்.

இதற்கான ஏற்பாடு பழையது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று எண்களோடு, அந்த இடம் எவ்வளவு மறைக்கும் என்பதைச் சொல்லும் நான்காவது எண்ணையும் பிக்சலுக்குக் கொடுக்கும் ஆல்ஃபா சேனல் என்ற முறையை, 1970-களின் பிற்பகுதியில் நியூயார்க் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியில் பணியாற்றிய எட் கேட்மல்லும் ஆல்வி ரே ஸ்மித்தும் உருவாக்கினார்கள். ஆல்ஃபா 0 என்றால் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. 255 என்றால் முழுமையாக மறைக்கும். நமது 153 பிக்சலைக் கறுப்பு நிறமாகவும் ஆல்ஃபாவை 40 சதவீதமாகவும் மாற்றி எழுதிவிட்டால், வெள்ளைத் தாளின்மேல் அது பழையபடி 153 ஆகவே தோன்றும். சிவப்பின்மேல் வைத்தால் சற்று இருண்ட சிவப்பாகத் தோன்றும். மை அந்தச் சிவப்பு அட்டையிலேயே தீட்டப்பட்டிருந்தால் எப்படி இருந்திருக்குமோ அப்படியே இருக்கும்.

செய்முறைக்கு வருவோம். ஓவியத்தை 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்), கறுப்பு முதல் வெள்ளை வரையிலான சாம்பல் நிறங்களை மட்டும் பதியும் கிரேஸ்கேலில் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனரிலிருந்து வரும் தாள் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிந்தாலும் அதன் மதிப்பு 255-க்குச் சற்றுக் கீழேதான் இருக்கும். எனவே கறுப்பு, வெள்ளை அளவுகளைச் சரிசெய்யும் லெவல்ஸில் வலப்பக்க முக்கோணத்தைத் தாளின் மதிப்பு வரையிலும், இடப்பக்க முக்கோணத்தை மையின் அடர்ந்த பகுதி வரையிலும் நகர்த்துங்கள். இந்த ஓர் இடத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். வெள்ளை முக்கோணத்தைத் தேவைக்கு மேல் இழுத்தால், துதிக்கையின் வளைவில் கை தளர்ந்து மெலிந்த கோட்டின் நுனிகள் காணாமல் போகும். வரைந்தவரின் கை அந்த நுனிகளில்தான் இருக்கிறது. ஒரு குடும்பம் தன் வீட்டுத் திருமணத்துக்காகத் தேடி எடுத்துக் கொடுத்த ஓவியத்தில் அதை இழப்பது சரியாகாது.

அடுத்து, ஃபோட்டோஷாப்பில் படத்தை ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) முறைக்கு மாற்றி, இந்த நிறங்களைத் தனித்தனியே காட்டும் சேனல்ஸ் பட்டியலைத் திறந்து, கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு மேலே உள்ள ஆர்ஜிபி சேனலின் சிறுபடத்தைச் சொடுக்குங்கள். படத்தின் வெளிச்சத்துக்கு ஏற்ற அளவில், அதாவது வெள்ளை முழுதாகவும் சாம்பல் பாதியாகவும் கறுப்பு அறவே இல்லாமலும், தேர்வு அமையும். செலக்ட் பட்டியலில் இன்வெர்ஸ் கொடுத்தால் தேர்வு தலைகீழாகி மை மட்டும் கைக்கு வரும். படத்தின்மேல் புதிய லேயர் (அடுக்கு) ஒன்றைத் திறந்து, ஃபில் கட்டளையால் கறுப்பையோ தங்க நிறத்தையோ நிரப்பிவிட்டு, பழைய லேயரின் கண் குறியை அணைத்துவிடுங்கள். திரையில் ஓடும் புள்ளிக்கோடு, பாதிக்கு மேல் தேர்வான பிக்சல்களை மட்டுமே சுற்றிக் காட்டும் என்பதால், மெல்லிய கோடுகள் தேர்வாகவில்லையோ என்று ஐயப்பட வேண்டாம். அவையும் உள்ளே இருக்கின்றன.

கட்டணமின்றிக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளில் இந்த வேலை இன்னும் சுலபம். படத்தை ஆர்ஜிபி முறைக்கு மாற்றி, லெவல்ஸ் முடித்தபின், கலர்ஸ் பட்டியலில் உள்ள கலர் டு ஆல்ஃபா கட்டளையைக் கொடுத்து வெள்ளையைத் தேர்ந்தெடுத்தால், மேலே சொன்ன கணக்கை அது ஒவ்வொரு பிக்சலுக்கும் போட்டுவிடும். எதில் செய்தாலும், முடித்தவுடன் அடியில் ஓர் இருண்ட நிற லேயரை வைத்துப் பாருங்கள். வெளிர் நிறத்தின்மேல் மறைந்திருக்கும் குறை, கரும்பச்சையின்மேல் உடனே தெரிந்துவிடும்.

கேள்வி: மஞ்சள் அட்டையில் கறுப்பு மட்டும் கொண்டு ஆஃப்செட்டில் நோட்டீஸ் அடிக்கிறோம். அதில் வரும் ஓவியத்துக்கும் இப்படி வெள்ளையை நீக்கியாக வேண்டுமா? — நெல்லிக்குப்பம் வாசகர்

பதில்: வேண்டியதில்லை. ஆஃப்செட்டில் வெள்ளை என்றால் அந்த இடத்தில் மை விழாது என்பதுதான் பொருள். உங்கள் மஞ்சள், அட்டையின் சொந்த நிறமாக இருக்கும்வரை, திரையில் தெரியும் வெள்ளைக் கட்டம் தாளில் வராது. அதே மஞ்சளை நீங்களே மையாக அடிப்பதாக இருந்தால் மட்டும் கட்டம் விழும். அப்போதும் ஓவிய லேயரை, வெள்ளை அடியில் உள்ள நிறத்தை மறைக்காத மல்டிபிளை முறையில் வைத்தால் போதும். ஆனால் லெவல்ஸைத் தவிர்க்காதீர்கள். தாளின் வெள்ளை 240-இல் நின்றுவிட்டால், அச்சில் ஏறத்தாழ 6 சதவீதக் கறுப்பு, பொடிப் புள்ளிகளாக ஓவியத்தைச் சுற்றிப் படியும். நோட்டீஸ்களில் படத்தைச் சுற்றி அழுக்குச் சதுரம் போலத் தெரிவது பெரும்பாலும் இதனால்தான்.

கேள்வி: வில்லியனூரில் சுடுமண் பொம்மைகள் செய்கிறோம். இணையத்தில் விற்பதற்காக வெள்ளைத் துணிமேல் வைத்துப் படம் எடுத்து, கிம்ப்பில் கலர் டு ஆல்ஃபா கொடுத்தேன். துணி போய்விட்டது, ஆனால் பொம்மையும் பேய்போல ஊடுருவித் தெரிகிறது. வெள்ளை வண்ணம் தீட்டிய கண்கள் ஓட்டையாகிவிட்டன. மேஜிக் வாண்டிலும் கண்கள் போய்விடுகின்றன, அடியில் விழுந்த நிழலும் போய்விடுகிறது.

பதில்: முதல் கேள்விக்கு நான் பரிந்துரைத்த கட்டளை உங்கள் படத்துக்கு ஆகாது. சுடுமண்ணின் நிறத்தைச் சிவப்பு 190, பச்சை 100, நீலம் 70 என்று கொள்வோம். மூன்றில் மிகக் குறைந்த எண் எதுவோ, அந்த அளவுக்கு அந்தப் பிக்சலில் வெள்ளை கலந்திருப்பதாகக் கலர் டு ஆல்ஃபா எண்ணிக்கொள்ளும். இங்கே அது 70. ஆகவே 27 சதவீதத்தை வெள்ளை என்று கழித்துவிட்டு, பொம்மையை மீதமுள்ள 73 சதவீத அளவுக்கே மறைக்கும் பொருளாக்கிவிடுகிறது. வெள்ளைத் தாளின்மேல் உள்ள மைக்கு இந்தக் கணக்கு மிகவும் பொருந்தும். ஒளி பட்டு நிற்கும் திடப்பொருளுக்குப் பொருந்தவே பொருந்தாது.

பொம்மை எங்கே முடிகிறது, துணி எங்கே தொடங்குகிறது என்ற எல்லையைக் காட்டும் கருவிதான் உங்களுக்குத் தேவை. ஃபோட்டோஷாப்பில் மேஜிக் வாண்டை எடுத்து, மேலே கன்டிகுவஸ் என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். டிக் இருந்தால், சொடுக்கிய இடத்தோடு தொட்டுக்கொண்டிருக்கும் வெள்ளை மட்டும் தேர்வாகும். முகத்தின் மண்ணிறம் சுற்றிலும் வேலிபோல நிற்பதால் கண்கள் தப்பிவிடும். கிம்ப்பில் ஃபஸி செலக்ட் கருவி இயல்பாகவே இப்படித்தான் நடக்கும். குதிரையின் கால்களுக்கு இடையிலும், இடுப்பில் வைத்த கையின் வளைவுக்குள்ளும் அடைபட்ட துணி மட்டும் மிச்சமிருக்கும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு அந்த இடங்களையும் சொடுக்கிச் சேர்த்துவிடுங்கள்.

தேர்ந்தெடுத்ததை டெலிட் விசையால் அழிக்காமல், தேர்வைத் தலைகீழாக்கி, படத்தை அழிக்காமல் மறைக்க மட்டும் செய்யும் லேயர் மாஸ்க் போடுங்கள். மாஸ்க்கில் கறுப்புத் தூரிகையால் தீட்டினால் மறையும், வெள்ளையால் தீட்டினால் திரும்ப வரும். பத்து நாள் கழித்து வாடிக்கையாளர் காதோரம் வெட்டுப்பட்டிருப்பதாகச் சொன்னாலும் அப்போது திருத்திக்கொள்ளலாம்; அழித்துச் சேமித்தது வராது. தேர்வை ஒரு பிக்சல் உள்ளே சுருக்கி, விளிம்பை மென்மையாக்கும் ஃபெதரை மிகச் சிறிதளவு கொடுத்தால் வெள்ளை விளிம்பு பெரும்பாலும் அடங்கிவிடும்.

நிழலை விட்டுவிடாதீர்கள் என்று உங்களை வற்புறுத்தவே விரும்புகிறேன். நிழல் இல்லாத பொம்மை அந்தரத்தில் தொங்குவதுபோல இருக்கும். கையால் செய்த பொருளின் கனமே வாங்குபவருக்குத் தெரியாது. மாஸ்க் போட்ட லேயருக்கு அடியில், மூலப்படத்தின் இன்னொரு பிரதியை வைத்து மல்டிபிளை முறைக்கு மாற்றி, துணி முழு வெள்ளையாகும் வரை அதன் லெவல்ஸை ஏற்றுங்கள். மல்டிபிளையில் 255 என்ற வெள்ளை அடியில் உள்ள நிறத்தைச் சிறிதும் மாற்றாது என்பதால், துணி மறைந்து நிழல் மட்டும் புதிய பின்னணியில் விழும்.

இனி எடுக்கப்போகும் படங்களுக்கு ஒரு யோசனை. நல்ல வெளிச்சம் உள்ள நிழலான திண்ணையில் பொம்மையை வைத்து, பின்திரையை அதற்கு இரண்டடியாவது தள்ளித் தொங்கவிடுங்கள். திரையின் வெள்ளை பொம்மையின் விளிம்பில் பிரதிபலிப்பது குறையும். வெள்ளை வண்ணம் அதிகமுள்ள பொம்மைகளுக்கு வெளிர் நீலத் துணியே நல்லது.

கேள்வி: புதுச்சேரியில் எங்கள் பள்ளி ஆண்டு மலருக்காகப் பாரதி பூங்கா ஆயி மண்டபத்தைப் படம் எடுத்தோம். மேகம் மூடிய வானம் வெள்ளை, மண்டபமும் வெள்ளை. வானத்தை நீக்கப் போனால் மண்டபமும் சேர்ந்தே போகிறது.

பதில்: எந்தத் தானியங்கிக் கருவிக்கும் இது கடினமான படம். இரண்டுக்கும் நிறத்தில் வேறுபாடு இல்லாதபோது, பென் கருவியால் தூண்களின் விளிம்பைப் பொறுமையாக வரைந்துகொண்டு போவதைத் தவிர நேர்வழி இல்லை. மண்டபத்தின் கோடுகள் நேரானவை, வளைவுகள் ஒழுங்கானவை. மாணவர் ஒருவர் ஒரு மாலைப் பொழுதில் முடித்துவிடக்கூடிய வேலைதான்.

ஆனால் பூங்கா உங்கள் ஊரிலேயே இருக்கும்போது, வானம் நீலமாக உள்ள ஒரு நாளில், சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று மறுபடியும் எடுப்பதையே நான் பரிந்துரைப்பேன். அப்படி எடுத்த படத்தில் வானம் சிவப்பு 90, பச்சை 150, நீலம் 220 என்றும், வெயில் பட்ட சுவர் 235, 232, 225 என்றும் இருப்பதாகக் கொள்ளுங்கள். நீல சேனலில் இரண்டுக்கும் வேறுபாடு 5 மட்டுமே. சிவப்பு சேனலில் 145. சேனல்ஸ் பட்டியலில் சிவப்பைப் பிரதியெடுத்து, அந்தப் பிரதியில் லெவல்ஸை இழுத்தால் வானம் கறுப்பாகவும் மண்டபம் வெள்ளையாகவும் பிரிந்து நிற்கும். வளைவுகளுக்குள்ளும் தூண்களின் உட்புறத்திலும் இருண்டு கிடக்கும் பகுதிகளை வெள்ளைத் தூரிகையால் நிரப்பி, ஊடே வானம் தெரியும் இடங்களைக் கறுப்பாகவே விட்டு, கன்ட்ரோல் விசையோடு சொடுக்கித் தேர்வாக்கி, லேயர் மாஸ்க் போட்டுவிடுங்கள். மரக்கிளைகள் குறுக்கே வந்தால் அவற்றையும் மண்டபத்தோடு சேர்த்துவிடுவதே அழகு.

கேள்வி: பின்னணியை நீக்கிச் சேமித்த படம், வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் மறுபடி பின்னணியோடு வருகிறது. இணையத்தில் இறக்கிய சில படங்களில் கட்டம்போட்ட பின்னணி அச்சிலும் அப்படியே விழுகிறது. — பண்ருட்டி வாசகி

பதில்: ஜேபெக் கோப்பில் ஆல்ஃபாவுக்கு இடமே கிடையாது. அந்த வடிவத்தில் சேமித்த கணமே ஒளிபுகும் பகுதிகள் ஏதோ ஒரு நிறத்தால், பெரும்பாலும் வெள்ளையால், நிரப்பப்பட்டுவிடும். வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கி ஜேபெக்காக மாற்றிவிடுவதால், நீங்கள் பிஎன்ஜி-யில் சேமித்திருந்தாலும் பயனில்லை. டாக்குமென்ட் என்ற வழியாக அனுப்புங்கள். கோப்பு மாறாமல் போய்ச் சேரும். 1996-இல் வெளியான பிஎன்ஜி வடிவம் 256 படிநிலைகளில் ஆல்ஃபாவைத் தாங்கும். பழைய ஜிஃப் வடிவத்தில் ஒரு பிக்சல் முழுதும் தெரியும் அல்லது முழுதும் மறையும், நடுநிலை கிடையாது. அதனால் விளிம்புகள் ரம்பப் பல்போல வரும்.

கட்டங்கள், ஒளிபுகும் இடத்தை அடையாளம் காட்ட மென்பொருள் தன் திரையில் மட்டும் காட்டுபவை. அவை அச்சில் விழுந்தால், அந்தப் படத்தில் யாரோ கட்டங்களைப் படமாகவே சேர்த்துவிட்டார்கள் என்று அறிந்துகொள்ளுங்கள். அதை விட்டுவிட்டு வேறு படம் தேடுவது நல்லது.

கேள்வி: அரியாங்குப்பத்தில் சிறு சங்கம் ஒன்றின் செயலாளராக இருக்கிறேன். நீல மையில் இட்ட என் கையெழுத்தைப் பின்னணி இல்லாமல் எடுத்துக் கடிதங்களில் வைக்கலாமா?

பதில்: எடுப்பதற்குக் கிம்ப்பின் கலர் டு ஆல்ஃபாவே போதும், மை ஒரே நிறம் என்பதால் நீலம் கெடாமல் வரும். ஆனால் இப்படி ஒட்டிய படம், 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் சொல்லும் மின்னணுக் கையொப்பம் ஆகாது. கூட்ட அறிவிப்புக்கு வைக்கலாம், பணமும் உரிமையும் சம்பந்தப்பட்ட தாள்களில் பேனாவால்தான் இட வேண்டும். பின்னணி நீங்கிய கையெழுத்துக் கோப்பைத் தனியாக யாருக்கும் அனுப்பாதீர்கள். வேர்டு கோப்பாகவும் கடிதத்தை அனுப்ப வேண்டாம். அதிலிருந்து கையெழுத்தை ஒரே சொடுக்கில் எடுத்துவிடலாம். அச்சிட்ட பெயரின்மேலும் சங்க முத்திரையின்மேலும் கையெழுத்து சற்று ஏறி விழும்படி வைத்து, பக்கம் முழுவதையும் ஒரே படமாக்கிப் பிடிஎஃப் செய்து அனுப்புங்கள். நீலத்தோடு பிற எழுத்துகளும் பின்னிக் கிடக்கும்போது, இங்கே சொன்ன எந்த வழியிலும் அதைச் சுத்தமாகப் பிரித்தெடுப்பது எளிதல்ல.